சிவப்பா, நீலமா? திருகோணமலை வயல்களில் மெசியும் போர்ட்டும்

தம்பலகாமம், மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் என்று திருகோணமலை மாவட்டத்தின் எந்த வயற்பக்கம் போனாலும், ஐம்பது வயதைத் தாண்டிய உழவு இயந்திரங்கள் இன்னமும் வேலை செய்வதைக் காணலாம். சிவப்பு என்றால் மெசி, நீலம் என்றால் போர்ட். இடையிடையே ஒரு பழைய இன்டர்நாஷனல் பி-275. தகப்பன் மெசிக்காரர் என்றால் மகனும் பெரும்பாலும் மெசிதான்.

இந்தப் பகையின் மூலக்கதை பலருக்குத் தெரியாது. மெசி பெர்கசனின் ‘பெர்கசன்’ வட அயர்லாந்தில் பிறந்த ஹரி பெர்கசன். கலப்பையை மூன்று இடத்தில் பிடித்து, ஹைட்ரோலிக் விசையால் தூக்கி இறக்கும் முறை அவருடையது. இன்று எல்லாக் கம்பனிகளும் பாவிப்பது அதைத்தான். 1938இல் அவரும் ஹென்றி போர்ட்டும் எழுத்தில் எதுவும் இல்லாமல், கைகுலுக்கி மட்டும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மறுவருடம் ‘போர்ட் 9என்’ வந்தது. பின்னர் போர்ட்டின் பேரன் அந்த உறவை முறித்தார். பெர்கசன் வழக்குப் போட்டு, 1952இல் 92.5 இலட்சம் டொலருடன் சமாதானமானார். சிவப்பும் நீலமும் பிரிந்தது அங்கேதான். 

அதைவிடச் சுவாரசியமானது எஞ்சின் கதை. 1957 இறுதியில் வந்த நீலநிற போர்ட்சன் டெக்ஸ்டாவின் மூன்று சிலிண்டர் எஞ்சின், பிரித்தானியாவின் பேர்கின்ஸ் கம்பனி வடிவமைத்தது. 1959இலிருந்து மெசி 35இல் பொருத்தப்பட்டதும் பேர்கின்ஸின் மூன்று சிலிண்டர்தான். அதே வருடம் மெசி பெர்கசன் அந்தக் கம்பனியையே விலைக்கு வாங்கியது. ஆக, பழைய டெக்ஸ்டாவை வைத்துக்கொண்டு மெசியைக் குறை சொல்பவர் ஒரே குடும்பத்து எஞ்சினைத்தான் திட்டுகிறார்.

1959க்கு முந்திய மெசி 35இல் இருந்தது நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். குளிரில் ஸ்டார்ட் ஆகாது என்று பிரித்தானிய விவசாயிகளிடம் அது கெட்ட பெயர் எடுத்தது. திருகோணமலை வெயிலில் அந்தக் குறைக்கு இடமில்லை. ஒரு கம்பனியின் பெயர் ஓரிடத்தில் கெடுவதும் இன்னோரிடத்தில் நிற்பதும் இப்படியும் நடக்கிறது.

உண்மையான வித்தியாசம் சேற்றில் தெரியும். மெசி 35 ஏறத்தாழ ஒன்றரைத் தொன். 1964 இறுதியில் வந்த மெசி 135உம் அதே 2.5 லீற்றர் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. அல்லைத் திட்ட வயல்கள் போல ஆழச் சேறாகும் நிலத்தில் பாரம் குறைந்த இயந்திரம் புதையாமல் வெளியே வரும். போர்ட் 3000 வலுவில் 135க்குச் சற்று மேலே. நான்கு சிலிண்டர் போர்ட் 5000 இரண்டு தொன்னுக்கும் அதிகம். காய்ந்த நிலத்தை ஆழ உழவும், நிறைந்த பெட்டியோடு ஏற்றம் ஏறவும் அதற்கு நிகரில்லை. சேற்றில் இறக்கினால் உரிமையாளர் வியர்ப்பார். மெசியின் பலவீனமும் சேற்றில்தான். அதன் ஹைட்ரோலிக் பம்பு கியர்பெட்டி ஒயிலுக்குள்ளேயே இருப்பதால், உள்ளே தண்ணீர் புகுந்தால் ஒயில் பால் நிறமாகி, இரண்டும் சேர்ந்து கெடும்.

என் கணிப்பில், இந்த மாவட்டத்தில் விசுவாசத்தைத் தீர்மானித்தது குதிரைவலு அல்ல. பழுதானபின் எதை மீண்டும் ஓட்ட முடிந்தது என்பதே. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் உதிரிப்பாகம் அரிதானது. பிறகு யுத்தம். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை நகரத்தில் ஒரு சின்னப் பொருள் வாங்கி மூதூர்ப் பக்கம் கொண்டுபோக பாதையும் படகும் சோதனைச் சாவடியும் கடக்க வேண்டும். டீசலுக்கும் பற்றரிக்கும் கட்டுப்பாடு இருந்த இடங்களில், தள்ளி ஸ்டார்ட் பண்ணக்கூடிய, கையால் கழற்றிப் பூட்டக்கூடிய இயந்திரமே பிழைத்தது. பழைய மெசியும் போர்ட்டும் அந்த வகை. பாகம் கிடைப்பதில் மெசிக்கு ஒரு படி மேல். சென்னையில் சிம்சன் கம்பனி பேர்கின்ஸ் எஞ்சின்களையும், டாபே கம்பனி மெசி இயந்திரங்களையும் தொடர்ந்து உற்பத்தி செய்தன. போர்ட்டுக்கு இந்தியாவில் எஸ்கோர்ட்ஸ் இருந்தாலும், போர்ட் கம்பனி தன் உழவு இயந்திரப் பகுதியை 1991இல் பியட்டிடம் விற்றபின் அந்தப் பெயரே சந்தையிலிருந்து போய்விட்டது. நீலநிறம் இப்போது நியூ ஹொலன்ட் என்று வருகிறது. போர்ட்காரரின் விசுவாசம் இல்லாத ஒரு கம்பனிக்கானது. அதனால்தானோ என்னவோ அது கூடுதல் பிடிவாதமானது.

2022இல் சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கும் இந்த மாவட்டத்திலேயே விவசாயிகள் டீசலுக்கு வரிசையில் நின்றார்கள். அப்போது சின்ன எஞ்சின்காரருக்குக் கொஞ்சம் நிம்மதி.

தென்னமரவாடி, திரியாய் மக்கள் 1980களின் நடுவிலும், சம்பூர், ஈச்சிலம்பற்று மக்கள் 2006இலும் ஊரை விட்டு ஓடியபோது, பெட்டி பூட்டிய உழவு இயந்திரம்தான் பலருக்கு வாகனம். வழியில் விட்டுப்போனவை ஏராளம். திரும்பி வந்து பற்றைக்குள் துருப்பிடித்த ஓர் இயந்திரத்தைக் கண்டாலும், அது தன்னுடையதுதான் என்று நிரூபிப்பது தனி வேலை. பதிவுப் புத்தகம் எரிந்திருக்கும் அல்லது தொலைந்திருக்கும். இலக்கத் தகட்டில் 1958இல் தமிழர்கள் தார் பூசி எதிர்த்த அதே ‘ஸ்ரீ’ இருக்கும். இன்று அந்தத் தகடே சிலருக்கு மிஞ்சிய ஒரே சான்று.

இங்கும் இரண்டு கட்சிக்கும் வித்தியாசம் உண்டு. மெசி 35, 135இல் தொடர் இலக்கம் ஓட்டுநருக்கு முன்னாலுள்ள ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். அது கழன்றாலோ துருப்பிடித்தாலோ போச்சு. போர்ட் 3000, 5000இல் ஸ்டார்ட்டருக்குக் கிட்ட, இரும்பு உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தால் பெரும்பாலும் வாசிக்கலாம். எஞ்சின் இலக்கம் வேறு. யுத்த காலத்தில் கிடைத்த எஞ்சினை மாற்றிப் பூட்டியவர்களிடம் அது பழைய பதிவோடு பொருந்தாது. இப்போதும் பழைய இயந்திரம் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு இலக்கங்களையும் படம் எடுத்து, இயந்திரம் நிற்கும் வீட்டில் இல்லாமல் வேறொரு இடத்தில் வைத்திருப்பது நல்லது. பதிவுப் புத்தகத்தின் பிரதியையும் அதோடு சேர்த்து வையுங்கள்.