கணிப்பொறிக்குத் தண்ணீர் காட்டிய கதை

செல்லூரில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இயந்திர ஓசை புதிதன்று. ஆயினும் சென்ற மே மாதம் அண்டை வீட்டு மாடியறையிலிருந்து வந்த ஓசை வேறு வகையானது; மீன்தொட்டியில் நீர் சலசலப்பது போன்றது. ஏறிப் பார்த்தேன். கல்லூரியில் படிக்கும் அவ்வீட்டுப் பிள்ளை, விளையாட்டுக்கெனத் தானே ஒரு கணிப்பொறியைப் பூட்டியிருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அறையின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ். குழாய் நீரோ 52 டிகிரி.

“தொட்டியில ஐஸ் கட்டியைப் போட்டா என்ன, மாமா?” என்றான்.

சிறு கேள்விதான். ஆனால் உலகின் பெரும் கணிப்பொறிகளைச் செய்தவர்கள் பல்லாண்டுகள் இதே கேள்வியுடன் மல்லாடியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடை நம்மைப் போன்ற வெயில் ஊர்க்காரர்களுக்கு மிகவும் வேண்டிய ஒன்று.

முதலில், சூடு ஏன் உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். ஒரு சில்லினுள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மூடித் திறக்கும்போது சிறிதளவு மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. அந்த ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. நொடிக்கு எத்தனை முறை மூடித் திறப்பது என்று ஆணையிடுவது ஒரு மின்கடிகாரம். வெப்பம் இக்கடிகாரத்தின் வேகத்திற்கு நேர்விகிதத்தில் கூடும். மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கும் நேர்விகிதத்தில் கூடும். வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட, மின்னழுத்தத்தையும் பத்து விழுக்காடு கூட்ட வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். 1.1 × 1.1 × 1.1 = 1.331. பத்து விழுக்காடு வேகத்திற்கு முப்பத்துமூன்று விழுக்காடு கூடுதல் சூடு! இதற்குக் கந்துவட்டியே தேவலை.

தயாரித்தவர் குறித்த வேகத்தை மீறிச் சில்லை விரட்டுவதைத்தான் ஓவர்கிளாக்கிங் என்கிறார்கள். இது நேற்றுத் தோன்றிய ஆசையன்று. 1984-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கணிப்பொறி 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அதற்குத் தாளம் போட்டது 12 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம் ஒன்று. ஆர்வலர்கள் அதைக் கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினார்கள். கணிப்பொறி 8 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பின்னர் வந்த ஏ.டி.களில், வேகம் மிகுந்தால் இயங்க மறுக்கும்படி ஐ.பி.எம். ஏற்பாடு செய்தது.

சூட்டை அகற்றக் காற்று போதாதா? ஒரே கன அளவு நீரையும் காற்றையும் ஒரு டிகிரி சூடேற்றினால், நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்கிறது. 300 வாட் வெப்பம் விடும் சில்லின்மேல் நிமிடத்திற்கு ஒரு லிட்டர் நீரை ஓட்டினால், அந்த நீர் சற்றேறக்குறைய நான்கு டிகிரிதான் சூடேறும்.

இதனால்தான் 1967-இல் நாசாவுக்கு வழங்கப்பட்ட ஐ.பி.எம். 360 மாடல் 91 என்ற பெருங்கணிப்பொறிக்குள் தண்ணீர்க் குழாய்கள் புகுந்தன. 1976-இல் வந்த கிரே-1 கணிப்பொறிக்குள் குளிர்பதனப் பெட்டியில் பயன்படும் ஃபிரியான் ஓடியது. 1985-இன் கிரே-2-இலோ மின்சுற்றுகளையே ஃபுளோரினெர்ட் என்ற, மின்சாரம் கடத்தாத திரவத்தில் முழுக்காட்டினார்கள்! கிரே குடும்பத்தைச் சேர்ந்த எக்ஸ்-எம்.பி. 1989-இல் வானிலைக் கணிப்புக்காகப் புது டெல்லிக்கும் வந்தது. அதைவிட வலிமை மிக்கதைத் தர அமெரிக்கா மறுத்ததும், நாமே 1991-இல் ‘பரம்’ செய்ததும் தனிக்கதை.

இவற்றுள் என்னைக் கவர்ந்தது 1980-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 3081. உள்ளங்கையளவு பீங்கான் தகட்டில் நூறுக்கு மேற்பட்ட சில்லுகள். ஒவ்வொன்றின் முதுகையும் சுருள்வில் பொருத்திய சிறு உலோகத் தண்டு ஒன்று தொட்டு நிற்கும். இடைவெளியில் ஹீலியம் வாயு. மேலே தண்ணீர் ஓடும் தகடு. இவ்வளவு பாடுபட்டு அகற்றிய வெப்பம் தகடு ஒன்றுக்கு ஏறத்தாழ 300 வாட்தான். இன்று விளையாட்டுக் கணிப்பொறியின் உயர்தரக் காட்சிச் சில்லு ஒன்றே அதற்கு மேலும் வெப்பம் விடுகிறது.

1990-களின் நடுவில் பெருங்கணிப்பொறிகள் குறைந்த மின்சாரம் உண்ணும் சீமாஸ் சில்லுகளுக்கு மாறின. தண்ணீர்க் குழாய்கள் கழற்றப்பட்டன. அப்போது இக்கலையைக் காப்பாற்றியவர்கள் வீட்டு ஆர்வலர்களே என்பது என் கருத்து. 1998-இல் வந்த 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் சில்லை 450-க்கு விரட்டிய அதே கூட்டத்தினர், காரின் வெப்பமூட்டியிலிருந்து கழற்றிய ரேடியேட்டரையும் மீன்தொட்டிப் பம்பையும் இணைத்துச் சில்லுக்குத் தண்ணீர் காட்டினார்கள். 2004 அளவில் சீமாஸ் சில்லும் சூட்டின் சுவரில் முட்டியது. 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 சில்லை வெளியிடும் திட்டத்தை இன்டெல் அவ்வாண்டு கைவிட்டது.

தண்ணீர் திரும்பி வந்தது. ஆனால் குளிர்ந்த நீராக அன்று! 2010-இல் சூரிச் நகரில் ஐ.பி.எம். நிறுவிய அக்வாசார் கணிப்பொறிக்கு 60 டிகிரி வெந்நீரைச் செலுத்தினார்கள். சில்லு 85 டிகிரிக்குள் இருந்தால் போதும் அல்லவா? வெளிவரும் சூட்டைக் கொண்டு கட்டடங்களுக்குக் கணப்பும் ஊட்டினார்கள். 2012-இல் மியூனிக் அருகே சூப்பர்-எம்.யூ.சி. கணிப்பொறியும் வெதுவெதுப்பான நீரையே ஏற்றது. வெப்பம் ஓடுவதற்கு வேண்டியது குளிர்ச்சியன்று, வேறுபாடே. சில்லு 80, நீர் 50, காற்று 40 என்றாலும் சூடு இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

மண்பானை முறை நீரைக் காற்றைவிடக் குளிரச் செய்யும், உண்மைதான். ஆனால் அது நீரைக் குடித்துவிடும். ஒரு மெகாவாட் வெப்பத்தை ஆவியாக்கியே அகற்றினால் மணிக்குச் சுமார் 1,500 லிட்டர் நீர் போகும். வைகை வறண்டு கிடக்கும் மாதங்களில் இதை எண்ணிப் பாருங்கள். 40 டிகிரிக் காற்றே ஆற்றக்கூடிய வெந்நீர், மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வந்தால் அச்செலவில்லை. நமக்கு அருகே, திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கப்பட்ட ‘பரம் பொருள்’ மீத்திறன் கணிப்பொறியும் காற்றை மட்டும் நம்பியதன்று. நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள் போடும் அதன் சில்லுகளின் சூட்டைத் திரவமே நேராக வாங்கிச் செல்கிறது.

இனி ஐஸ் கட்டிக்கு வருவோம். ஒரு கிலோ ஐஸ் உருக 3,34,000 ஜூல் வேண்டும். பிள்ளையின் பொறி 500 வாட் வெப்பம் விடுகிறது. பதினொரு நிமிடத்தில் ஒரு கிலோ கரைந்துவிடும். ஐந்து மணி நேர ஆட்டத்திற்கு 27 கிலோ! அதுமட்டுமன்று. கோடையில் ஜிகர்தண்டா டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த குழாயும் அப்படியே வியர்த்து, மின்பலகையில் சொட்டும்.

“அப்ப 52 டிகிரி தப்பில்லையா, மாமா?” என்றான். சில்லு 90 டிகிரி வரை தாங்கும். ஆனால் இத்தகைய பம்புகள் பலவற்றுக்கு 60 தான் வரம்பு. எனவே ரேடியேட்டரைப் பெரியதாக்கி, பெட்டிக்கு வெளியே சன்னலோரம் மாட்டச் சொன்னேன். குழாயில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றியிருந்தான். செப்புத் தகட்டின் நுண்ணிய பள்ளங்களில் வெள்ளை உப்புப் படியத் தொடங்கியிருந்தது. பேட்டரிக் கடையில் வடிநீர் வாங்கி வந்தான். அலுமினிய இணைப்பு ஒன்றையும் கழற்றச் செய்தேன். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் நின்றால் அலுமினியம் அரிக்கும்.

மறுநாள் பிற்பகல் நீர் 46 டிகிரி காட்டியது. கடிகாரத்தை இன்னும் கொஞ்சம் கூட்டலாமா என்று கேட்டான்.