பெரியண்ணனும் சின்னண்ணனும்

முன்னாள் மாணவர் சந்திப்பு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று சங்கத்தார் கேட்டார்கள். கல்லூரி வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, படித்து முடித்த இரண்டு பேர் தங்கள் படிப்பை யாருக்குக் கொடுப்பது என்று எடுத்த முடிவைப் பற்றி எழுதுகிறேன்.

நான் சாமளாபுரத்துக்காரன். பொழுது விடிந்தால் தறிச் சத்தம். வீதிக்கு நாலு பேர் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்புவார்கள். கூலிக்கு நெய்து பிள்ளையைப் படிக்க வைத்த வீட்டில், "நான் ஊழியத்துக்குப் போறேன்"னு ஒரு பிள்ளை சொன்னால் என்ன ஆகும்? "கடனை யாரு கட்டறது?"ன்னுதான் அப்பா கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்த இருவரின் வரலாறு நமக்கு வேண்டியதாகிறது.

ஒருவர் தமிழர், டாக்டர் சவரிராயன் ஜேசுதாசன், 1882-இல் பிறந்தவர். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், டாக்டர் ஏர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், 1891-இல் பிறந்தவர். பேட்டன் குடும்பம் அல்லோவா என்ற ஊரில் பின்னலுக்கான கம்பளி நூல் ஆலை நடத்திய பெருஞ்செல்வக் குடும்பம். நூல் வியாபாரம் என்றால் என்னவென்று நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வசதியை விட்டுவிட்டுத்தான் அவர் மருத்துவம் படித்து இந்தியா வந்தார்.

இருவரும் பிரிட்டனில் நண்பர்களானார்கள். இந்தியாவில் முதலில் மிஷன் பணியில் சேர்ந்தார்கள். அந்தக் காலத்து மிஷன்களில் ஒரு பெரிய குறை இருந்தது. வெள்ளையர் மிஷனரி; இந்தியர் உதவியாளர். சம்பளம் வேறு, வீடு வேறு, முடிவெடுக்கும் இடமும் வேறு. 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டிலேயே நம்முடைய வே. ச. அசரியா இந்தக் குறையை எடுத்துச் சொன்னார். எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், நண்பர்களாகவும் இருங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம்.

அந்த நட்பைத் தங்கள் வாழ்க்கையிலேயே நடத்திக் காட்ட இவ்விருவரும் முடிவு செய்தார்கள். 1921-இல், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சம்பளம் கிடையாது, திருமணம் கிடையாது, கதர் உடை, சைவ உணவு, ஒரே பந்தி. ஏழைகளுக்கு மருத்துவமனை நடத்தினார்கள். கோபுரத்தோடு திராவிடக் கோயில் அமைப்பில் ஜெபாலயம் கட்டினார்கள். ஜேசுதாசன் 'பெரியண்ணன்', பேட்டன் 'சின்னண்ணன்' என்றே அழைக்கப்பட்டார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் ஒரு வெள்ளைக்காரர் தமிழருக்குத் தம்பியாக இருக்கச் சம்மதித்தார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இந்த முடிவுக்கு 1932-இல் ஒரு சோதனை வந்தது. அந்த ஜனவரி 10-ஆம் தேதி திருப்பூரில் கொடி பிடித்து ஊர்வலம் சென்ற குமரன் தடியடிபட்டு, மறுநாள் உயிர் நீத்தார். அது நமக்குத் தெரிந்த கதை. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் சென்னையிலும், அந்நியத் துணிக் கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடுத்து நின்ற பேட்டனைப் போலீசார் தடியால் அடித்து, நிறநீரைப் பீய்ச்சினார்கள். அவர்மேல் வழக்கும் போட்டு, பிறகு கைவிட்டார்கள். லண்டன் பாராளுமன்றத்தில்கூட இதுபற்றிக் கேள்வி எழுந்தது. கோட்டும் தொப்பியும் போட்டு நின்றிருந்தால் அவர்மேல் கை வைத்திருப்பார்களா? அவர் உடுத்திய கதரே, அவர் யாரோடு சேர்ந்துவிட்டார் என்பதைச் சொல்லிவிட்டது.

பேட்டனை எல்லோரும் புகழ்வார்கள். துறக்க அவரிடம் நிறைய இருந்தது. ஆனால் ஜேசுதாசன் எடுத்த முடிவுதான் இன்னும் கடினமானது என்பது என் கருத்து. சீமையில் மருத்துவம் படித்த இந்தியர் விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது. பட்டணத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தால் பங்களாவும் காரும் தேடி வந்திருக்கும். உறவுக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும்தானே! வசதியில் பிறந்தவர் வசதியை விடுவது ஒன்று. கைக்கெட்டிய வசதியை முதல்முறையாகப் பார்க்கிறவர் வேண்டாம் என்பது வேறு.

இன்னொன்றையும் இன்றைய மாணவர்கள் கவனிக்க வேண்டும். கடவுளுக்கு ஊழியம் என்று சொல்லி இவர்கள் படிப்பை மூட்டை கட்டி வைக்கவில்லை. கற்ற மருத்துவத்தைத்தான் கொடுத்தார்கள். ஒருநாள் உணர்ச்சியில் கை தூக்கியதோடும் நிற்கவில்லை. 1921-இல் சொன்ன 'சரி'யை வருஷக்கணக்காக, தினமும் பந்தியிலும் மருத்துவமனையிலும் திரும்பச் சொன்னார்கள். பெரியண்ணன் 1969-இலும் சின்னண்ணன் 1970-இலும் காலமானார்கள்.

எல்லோரும் துறவியாக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கடன் கட்ட வேண்டியவர்கள் கட்டத்தான் வேண்டும். வீட்டைக் காப்பாற்றுவதும் ஊழியம்தான். ஆனால் கிறிஸ்துவுக்காக என்று ஒருவர் முடிவெடுத்தால், எதை விட்டார் என்பதைவிட யாரோடு சமமாக உட்கார்ந்தார் என்பதே அதற்கு உரைகல். திருப்பூரில் சென்னை ரயில் ஏறினால், சேலம் தாண்டி ஜோலார்பேட்டைக்குச் சற்று முன் திருப்பத்தூர் வரும். வாய்ப்புக் கிடைத்தால் இறங்கி அந்த ஜெபாலயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.