பேஸ்மென்ட்டில் ஒரு மாரிக்குப்பம்

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று இங்கே யாராவது கேட்டால் "கே.ஜி.எஃப்." என்று சொல்லிவிட்டு ஒரு நொடி காத்திருப்பது என் வழக்கம். முன்பெல்லாம் "என்னங்க, சிக்கன் கடை பேரைச் சொல்றீங்க?" என்பார்கள். 2018ல் அந்த சினிமா வந்தபிறகு "ஓ, ராக்கி பாய்!" என்கிறார்கள். கோலார் தங்கவயல், அதில் ஆண்டர்சன்பேட்டை என்று விளக்கினால் சினிமாவில் அது வரவில்லையே என்று முழிப்பார்கள். ஆகவே விளக்குவதை விட்டுவிட்டு, மூன்று குளிர்காலமாக மினியாபொலிஸ் வீட்டு பேஸ்மென்ட்டில் ஊரையே கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒட்டுப்பலகை, பசை, பொம்மை ரயில். தங்கமணி இதற்கு வைத்திருக்கும் பெயர் "அய்யாவோட சின்ன வீடு".

கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்கு ரயில் வந்த கதை தங்கம் வந்த கதைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். நியூசிலாந்தில் சண்டை போட்டுவிட்டுப் பெங்களூரில் ஓய்வாக இருந்த லவேல் என்ற அயர்லாந்துக்காரர் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்ட ஆரம்பித்தார். கைக்காசு கரைந்ததுதான் மிச்சம். 1880ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. சில வருடத்தில் சாம்பியன் ரீஃப் என்ற தங்க ரேகை கிடைத்தது. அதன்பிறகு சீமையிலிருந்து எந்திரங்கள் வந்து குவிந்தன.

ஜோலார்பேட்டை - பெங்களூர் ரயில்பாதை 1864லேயே போட்டாகிவிட்டது. அதில் பௌரிங்பேட்டை என்று ஒரு நிலையம். மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங் துரை பெயரில் உண்டான ஊர். இன்றைய பங்காரப்பேட்டைதான் அது. பெயர் மாறி எத்தனையோ காலம் ஆகியும், ரயில்வேயின் சுருக்கக் குறியீட்டில் இன்னும் பௌரிங் துரைதான் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து சுரங்கம் வரைக்கும் மாட்டுவண்டிதான் கதி. பாய்லரையும் இரும்புச் சக்கரத்தையும் மாட்டுவண்டியில் ஏற்றிக் கரட்டுப் பாதையில் இழுப்பதை நினைத்துப் பாருங்கள். 1894ல் மைசூர் சமஸ்தானம் 16 கிலோமீட்டருக்கு ஒரு கிளைப்பாதை போட்டது. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், கடைசியாக மாரிக்குப்பம். கோரமண்டலும் சாம்பியனும் சுரங்கத்தின் பெயர்கள். ஊருக்காக ரயில் வரவில்லை, சுரங்கத்துக்காக வந்தது என்பது நிலையப் பலகையிலேயே எழுதியிருக்கிறது.

உள்ளே போனது நிலக்கரி, மரம், எந்திரம், ஆட்கள். வெளியே வந்தது தங்கம், லண்டன் வரைக்கும்.

அந்த ஆட்களில் ஒருவர் என் தாத்தா. குடியாத்தம் பக்கம் ஒரு சேரியிலிருந்து ரயிலேறி வந்தவர். வட ஆர்க்காடு, சேலம் பக்கத்து ஒடுக்கப்பட்ட சனங்கள் ஆயிரக்கணக்கில் இப்படித்தான் வந்தார்கள். பண்ணையார் வாசலில் கைகட்டி நிற்பதைவிடப் பாதாளம் மேல் என்று முடிவு செய்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கால் லட்சம் பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். இடுப்பளவுத் தட்டி வைத்த "லைன்" வீடுகளில் அவர்களும், ஓடு வேய்ந்த பங்களாக்களில் துரைமார்களும். குட்டி இங்கிலாந்து என்று ஊருக்குப் பட்டப்பெயர். எந்தப் பக்கம் நின்று பார்த்தால் இங்கிலாந்து என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, மாடலுக்கு வருகிறேன். பொம்மை ரயில் உலகில் அதிகம் புழங்கும் அளவு 1:87. எச்.ஓ. என்பார்கள். நிஜத்தில் 87 மீட்டர் என்றால் மேசையில் ஒரு மீட்டர். கால்குலேட்டரைத் தட்டினேன். 16 கிலோமீட்டர் பாதைக்கு 184 மீட்டர் நீளம் வேண்டும். என் பேஸ்மென்ட்டில் தேறியது எட்டடி. அதற்குள் நிஜத்தில் இருநூறு மீட்டர் சொச்சம்தான் அடங்கும். இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடமே எதை வைப்பது என்பதைவிட எதை விடுவது என்பதுதான். பங்காரப்பேட்டையை விட்டேன். கோரமண்டலை விட்டேன். ஊர்காமை விடும்போது மனசு வலித்தது. கடைசி நிலையம் மாரிக்குப்பம், ஒரு சுரங்க ஷாஃப்ட், ஒரு சயனைடு மேடு, நாலு வரிசை லைன் வீடு. அவ்வளவுதான்.

இரண்டாவது பாடம் தண்டவாளம். நம்மூர் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் 1435. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் இந்த 1435க்குச் செய்தது, 16.5 மில்லிமீட்டர். நம்மூருக்கு 19.3 வேண்டும். வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் தெரிந்த கண்ணுக்கு உறுத்தும். ஒவ்வொரு கட்டையாக நானே ஒட்டிப் பாதை போடலாம் என்று கிளம்பி, ஒரு அடி போட்டு முடிக்க மூன்று வாரம் ஆனதும் மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைச் சரக்கை வாங்கினேன். வேடிக்கை என்னவென்றால், பங்காரப்பேட்டையிலிருந்து கோலாருக்கு அந்தக் காலத்தில் ஓடிய குட்டி ரயிலின் பாதை 762 மில்லிமீட்டர். அதற்கு மட்டும் 9 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையில் அச்சு அசலாகக் கிடைக்கிறது. நான் விட்டுவிட்ட பாதை!

மேடு செய்தது பெரிய கதை. பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்தபின் மிஞ்சிய தூளைக் கொட்டிக் கொட்டி உண்டான குன்றுகள் அவை. எல்லா மேடும் சேர்த்தால் மூன்று கோடி டன்னுக்கு மேல். உச்சி தட்டையாக இருக்கும், பக்கவாட்டில் மழைநீர் அரித்த ஓடைகள் இறங்கும். காற்றுக் காலத்தில் தூள் பறந்து வந்து சோற்றில் உட்காரும். சுவருக்குள் வைக்கும் ஃபோம் பலகையை அடுக்கி, பிளாஸ்டர் பூசி, காய்வதற்குள் பழைய டூத்பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுத்தால் மழை ஓடை கச்சிதமாக வரும். நிறம்தான் வரவில்லை. ஊர் மண்ணையே கொஞ்சம் எடுத்து வந்து தூவலாம் என்று தோன்றியது. விமான நிலையத்தில் "பையில் என்ன?" என்று கேட்டால் "சயனைடு மேட்டு மண், ஆபீசர்" என்று சொல்வதைக் கற்பனை செய்து பார்த்துவிட்டு யோசனையைக் கைவிட்டேன். சாம்பலும் மஞ்சளும் கலந்து ஆறு தரம் அடித்தபிறகு ஏதோ தேறியது.

ஷாஃப்ட் கோபுரம் பிளாஸ்டிக் குச்சிகளில், உச்சியில் இரண்டு சக்கரம். லைன் வீட்டுக் கூரைக்கு, சமையலறை அலுமினியத் தாளைச் சீப்பின் மேல் வைத்து அழுத்தினால் தகரம் மாதிரியே வரிவரியாக வரும். பக்கத்தில் தைல மரங்கள். எல்லா வீட்டிலும் குட்டி விளக்கு. விளக்கு வைக்காமல் விட முடியாது. காவிரி சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902ல் முதலில் கொடுத்ததே எங்கள் சுரங்கத்துக்குத்தான். பெங்களூர் அதற்குப் பிறகுதான் மின்விளக்கைப் பார்த்தது. (இந்த ஒரு பெருமையை விடுவதாக இல்லை.)

மகளுக்குப் பதினொரு வயது. ஒரு பெட்டி நிறைய மனிதர்கள் வாங்கியிருந்தேன், ஒவ்வொருவரும் இரண்டு சென்டிமீட்டர் உயரம். எல்லாரும் வெள்ளைக்காரர்கள். உட்கார்ந்து பெயின்ட் அடித்து நம்மூர்க்காரர்களாக்கினாள். ஒருவருக்குக் காக்கி அரை டிராயரும் தலையில் தொப்பியும் போட்டுவிட்டு, "இது தாத்தா. எங்க நிக்க வைக்கட்டும்?" என்றாள். யோசிக்காமல் "பிளாட்ஃபார்ம்ல வை" என்றேன்.

அப்பா இன்னும் ஆண்டர்சன்பேட்டையில்தான் இருக்கிறார். மூச்சு வாங்கும். விமானப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டு, லைட்டெல்லாம் போட்டு, ரயிலை ஓடவிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மேடு நல்லாக்கீது. தைல மரம் இன்னும் ஒசரம். அது யாரு பிளாட்ஃபாரத்துல?"

"நீதாம்ப்பா. பாப்பா பண்ணது."

சிரித்தார். "நான் எப்படா ரயிலேறி வேலைக்குப் போனேன்? நடந்து போயி கூண்டுல ஏறி எறங்குனவன். கீழ காட்டு."

"கீழ ஒண்ணும் இல்லப்பா."

"இன்னாடா, மேல மட்டும் கட்டி வச்சிக்கிறே. கீழ காட்டு, பாக்கலாம்."

கேமராவை மேசைக்கு அடியில் திருப்பினேன். வாக்குவம் கிளீனர், கிறிஸ்துமஸ் அட்டைப்பெட்டி, ஒரு பழைய செருப்பு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அன்று தூக்கம் வரவில்லை. மூன்று வருடமாகச் சரித்திரம் படிக்கிறேன், அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. சின்ன வயதில் கேட்கக்கூடாது என்று பழக்கி வைத்திருந்தார்கள். கீழே பாறை வெடித்துச் சிதறும், "ஏர் பிளாஸ்ட்" என்போம். மேலே வீட்டில் அலமாரிப் பாத்திரம் உருளும். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். நேரம் கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் தெருவே ஷாஃப்டைப் பார்த்து ஓடும். அப்பா வந்ததும் சோறு போடுவாள். பேச்சு கிடையாது.

அடுத்த வாரம் கேட்டேன். நூறாவது லெவலை ஒட்டி வேலை. தொட்டால் சுடும் பாறை (60 டிகிரிக்கு மேல் என்று புத்தகம் சொல்கிறது). வெட்டின பாறையை டப் வண்டியில் ரொப்பித் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போவது ஆரம்ப காலத்தில் அவர் வேலை. "அதுவும் ரயிலுதான்டா. எஞ்சினு நானு" என்றார். தண்டவாளம் எவ்வளவு அகலம் என்றதற்கு இரண்டு கையையும் கேமரா முன்னால் விரித்து "இம்மாத்திரம்" என்று காட்டினார். திரையில் அளந்து கணக்குப் போட்டேன். கடையில் கிடைக்கும் சின்ன அளவுகளில் ஒன்று, 6.5 மில்லிமீட்டர் தண்டவாளம், கிட்டத்தட்டப் பொருந்துகிறது.

எத்தனை டன் தள்ளியிருப்பார் தெரியவில்லை. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கம்தான். 120 வருடத்தில் மொத்தம் 800 டன் எடுத்தார்கள். துரைகள் போய், 1956ல் மைசூர் அரசு, பிறகு மத்திய அரசு, 2001 பிப்ரவரி 28ல் பூட்டு. பம்பு நின்றதும் நிலத்தடி நீர் ஏறி எல்லா லெவலும் மூழ்கின. அப்பா தள்ளின பாதை இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. மேலே இருக்கும் ரயில் மட்டும் ஓடுகிறது. தங்கம் போன வழியில் இப்போது ஆட்கள் போகிறார்கள், விடிகாலையில் கிளம்பிப் பெங்களூர், ராத்திரி திரும்பி. நானும் அப்படிப் போய்த்தான் படித்தேன், வேலை தேடினேன். கடைசியில் திரும்பாமல் விட்டேன்.

மேசைக்கடியில் ஒரு லெவல் கட்ட முடிவு செய்து மறுபடி கால்குலேட்டரைத் தட்டினேன். சாம்பியன் ரீஃபின் ஆழம் ஏறக்குறைய 3.2 கிலோமீட்டர். 1:87ல் 36.8 மீட்டர். என் மேசையிலிருந்து தரைக்கு ஒரு மீட்டர் சொச்சம். பன்னிரண்டு மாடிக்குக் கீழே பள்ளம் தோண்டினால்தான் அப்பாவுக்கு இடம்.

தோண்டவில்லை. கோபுரத்துக்கு அடியில் பலகையில் ஒரு ஓட்டை போட்டேன். 36.8 மீட்டர் நூலை அளந்து ஒரு நூல்கண்டில் சுற்றி ஓட்டைக்குக் கீழே மாட்டினேன். மகளுக்கு இது என்ன என்று புரியவில்லை. "வா, காட்டறேன்" என்று, பனி கொஞ்சம் விட்டிருந்த ஒரு சனிக்கிழமை தெருவுக்குக் கூட்டிப் போனேன். ஊரில் அப்போது ராத்திரி, அப்பா ஃபோனில் விழித்திருந்தார். நூல் முனையில் அந்தக் காக்கி டிராயர் தாத்தாவைக் கட்டி, எங்கள் வாசலில் நான் பிடித்துக்கொள்ள, அவள் நடந்தாள். பக்கத்து வீட்டைத் தாண்டினாள். அதற்கடுத்த வீட்டுத் தபால்பெட்டியையும் தாண்டினாள். நூல் விறைத்தது. திரும்பிப் பார்த்துக் கத்தினாள், "தாத்தா இவ்ளோ தூரமா?"

ஃபோனை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆங். அங்கதான்" என்றார். "குளிருது பாரு, புள்ளைய உள்ள கூப்புடு."