பேரிளம்பெண் பருவத்திற்குப் பின்: மார்பக வளர்நிலை அறிவும் அடையாறு புற்றுநோய் நிறுவனமும்

முன்னுரை

பெண்ணின் மார்பகம் வயதுக்கேற்ப மாறுவதைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலமாகக் கூறி வந்துள்ளது. எனினும் அக்கணக்கு நாற்பது வயதோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்தைய நிலையைத் தொடர்ந்து பதிவுசெய்யும் பணி இருபதாம் நூற்றாண்டில் தென்சென்னையில் உருப்பெற்றது. இவ்விரு பதிவுகளையும் ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலா இலக்கியத்தின் வயது வரையறை

உலா நூல்கள் மகளிரைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்தினராகப் பகுக்கின்றன. பரவலாக வழங்கும் கணக்கின்படி பேதைக்கு வயது 5 முதல் 7. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. பேதைக்கு முலை தோன்றாமையும் பெதும்பைக்கு அரும்புதலும் பருவ அடையாளங்களாக அமைகின்றன. உலா வரும் தலைவனைக் கண்டு காமுறுதலே பாடுபொருளாதலின், பாலூட்டலும் முதுமையும் இவ்வரையறையில் முதன்மை பெறவில்லை.

உடற்கூற்றியல் காட்டும் வாழ்நாள் மாற்றம்

மார்பகம் ஏறத்தாழ 15 முதல் 20 மடல்களையும், பால்நாளங்களையும், கொழுப்புத் திசுவையும் கொண்டது. பூப்புக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பால் நாளங்கள் கிளைக்கின்றன. கருவுற்றபோதே பால் சுரக்கும் நுண்மடல்கள் முழு வளர்ச்சி பெறுகின்றன. பால் மறந்தபின் சுருங்குகின்றன. மாதவிடாய் நின்றபின் சுரப்பித் திசு குறைந்து கொழுப்பு மிகுகிறது. மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு வயதோடு கூடுவதால், இலக்கியக் கணக்கு முடியும் இடத்திலேயே மருத்துவக் கண்காணிப்பின் தேவை மிகுகிறது.

அடையாறு நிறுவனமும் பதிவேடும்

தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதியைக் கொண்டு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 1952இல் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளுடன் அது செயற்படத் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் இணைந்த வி. சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர்.

1980களின் தொடக்கத்தில் இந்நிறுவனத்தில் சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடம் வகித்தது. இந்நூற்றாண்டில் அவ்விடத்தை மார்பகப் புற்றுநோய் பெற்றது. காலந்தாழ்ந்த முதற்பேறு, குறைந்த மகப்பேறு, குறுகிய பாலூட்டற் காலம் ஆகியன மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் காரணிகளாக மருத்துவ உலகில் ஏற்கப்பட்டவை. ஆகவே பதிவேட்டின் எண்கள் நோயின் வரலாறாக மட்டுமன்றி, நகரப் பெண்களின் திருமண, மகப்பேற்று வரலாறாகவும் வாசிக்கத்தக்கன.

இப்பதிவேட்டிற்கும் எல்லை இருந்தது. அது மாநகராட்சிப் பரப்பையே தழுவியதால், செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்த தாம்பரம், பல்லாவரம் போன்ற புறநகர்கள் அதற்கு வெளியே நின்றன. அப்பகுதிப் பெண்கள் அடையாற்றில் சிகிச்சை பெற்றாலும் நகர நோய்வீதக் கணக்கில் சேரவில்லை. 2012 முதல் தமிழ்நாடு முழுமைக்கும் விரிந்த பதிவுத் திட்டமே இக்குறையை நீக்க முற்பட்டது.

முடிவுரை

உலா வயதால் எல்லை வகுத்தது. பதிவேடு நிலப்பரப்பால் எல்லை வகுத்தது. இரண்டிலும் எல்லைக்கு வெளியே நின்ற பெண்ணுடல் கவனம் பெறவில்லை. இலக்கியத்தில் இயல்பாக வழங்கிய ‘முலை’ என்னும் சொல் இன்று பொதுவழக்கில் கூசத்தக்கதாகிவிட்டது. நாற்பதைக் கடந்த பருவங்களுக்கு ஏழு பருவப் பெயர்களைப் போன்ற வரிசையும் அமையவில்லை. தன் உடலில் தோன்றும் மாற்றத்தைப் பெண் தயக்கமின்றிச் சொல்வதே நோயைத் தொடக்கத்தில் கண்டறிவதற்கான முதற்படி என்பதால், இச்சொல்வறுமை மொழியியல் ஆய்வுக்குரியது மட்டுமன்று. உயிர்காக்கும் பணியோடும் தொடர்புடையது.