அறுபத்து மூவரும் காணாமல் போன ஒரு ஏரியும்



போன பங்குனியில நாலு நாள் மெட்ராஸ்ல இருந்தேன். என் பொண்ணு தி.நகர்ல, பனகல் பார்க்குக்கு நடந்து போற தூரத்துல வாடகைக்கு இருக்கா. "ப்பா, அறுப்புதான் முடிஞ்சிடுச்சே, மயிலாப்பூர்ல அறுபத்து மூவர் வருது, வந்து பாத்துட்டுப் போ"ன்னு போன்ல கூப்பிட்டா. மாட்டுக்குத் தண்ணி காட்ட பக்கத்து வீட்டுல சொல்லிட்டு, செங்கல்பட்டு வந்து மின்சார ரயில் ஏறி மாம்பலத்துல இறங்கிட்டேன்.

எங்க ஊர் உத்திரமேரூர் பக்கம். மயிலாப்பூர் திருவிழா எனக்குப் புதுசு இல்ல. பத்து வயசுல எங்க நைனா கூட்டிட்டுப் போயிருக்காரு. அப்பல்லாம் எங்க பக்கம் ஏரிப் பாசனத்துல ஒரு போகம்தான். தையில அறுப்பு, மாசியில வைக்கோல் போர் போட்டு முடிச்சா பங்குனியில கை கொஞ்சம் ஓயும், மடியில நாலு காசும் இருக்கும். அதனால எங்க ஊர்ல இருந்து பத்துப் பதினைஞ்சு பேர் சேர்ந்து கிளம்புவாங்க. கட்டுச்சோறு புளியோதரை. ராத்திரி தங்குறது கோயில் குளத்துப் படிக்கட்டு.

கூட்டத்துல என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டாரு. சின்னச் சின்ன பல்லக்குல நாயன்மார்கள் வரிசையா வராங்க. எனக்கு எல்லாரும் ஒரே மாதிரி தெரிஞ்சாங்க. நைனா மட்டும் ஒரு பல்லக்கைக் காட்டி, "டேய், அதோ பாருடா, அவரு நம்மாளு"ன்னாரு. இளையான்குடி மாறனார். மழை ராத்திரியில பசியோட வந்த விருந்தாளிக்குப் போட வீட்டுல ஒண்ணும் இல்லாம, அன்னைக்கு விதைச்ச விதைநெல்லையே வயல்ல போய் அள்ளிட்டு வந்து, கூரைக் கட்டையை உருவி அடுப்பெரிச்சு சோறு போட்டவர். விதைநெல்லை எடுக்கறதுன்னா என்னன்னு டவுன்ல இருக்கிறவங்களுக்கு சட்டுனு புரியாது. அடுத்த வருஷத்துச் சாப்பாட்டை இன்னைக்கே ஆக்கிப் போடற மாதிரி. நைனா அந்தக் கதையைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் குரல் தழுதழுத்துப் போகும்.

இந்தத் தடவை போனப்ப எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. இவ்வளவு பெரிய பட்டணத்து நடுவுல ஒரு சின்ன ஊரோட திருவிழா எப்படி இத்தனை நூறு வருஷமா நிக்குது? எங்க ஊர்ல முந்நூறு வீடு. எங்களால ஒரு கூழ் ஊத்துற திருவிழாவையே காப்பாத்த முடியலையே? இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பத்தினதுதான்.

முதல்ல ஒண்ணு. மயிலாப்பூர் மெட்ராஸோட ஒரு பகுதின்னு நாம நினைக்கிறோம். உண்மையில மெட்ராஸ்தான் பிற்காலத்து ஊர். கம்பெனிக்காரங்க கோட்டை கட்ட இடம் வாங்கினது 1639. மயிலாப்பூர் - சாந்தோம் பகுதி இங்கிலீஷ்காரங்க கைக்குப் போனது 1749. அதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே, ஏழாம் நூற்றாண்டுல, திருஞானசம்பந்தர் வந்து பாடினப்ப அது நல்லா வாழ்ந்துக்கிட்டிருந்த ஒரு கடற்கரை ஊர்.

அந்தப் பூம்பாவைப் பதிகத்தைப் பக்திக்காகப் பாடுறவங்க நிறைய பேர். என்னை மாதிரி ஆளுக்கு அது ஒரு ஊர்த் திருவிழாப் பட்டியல் மாதிரி தெரியுது. சிவநேசர்னு ஒரு வணிகர். அவர் மகள் பூம்பாவை பாம்பு கடிச்சு இறந்துபோறா. அஸ்தியைக் குடத்துல வச்சிருக்காரு. சம்பந்தர் அந்தக் குடத்தைப் பார்த்துப் பாடுறாரு. என்ன கேக்கறாரு? இந்தத் திருவிழாவைப் பார்க்காமலேயே போயிடுவியான்னு கேக்கறாரு. அடியார்களுக்குச் சோறு போடற விழா, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி நாள், ஊஞ்சல் விழா, பெருஞ்சாந்தி. ஒரு வருஷத்துக்கான ஊர் நாட்காட்டி அப்படியே வந்துடுது.

யோசிச்சுப் பாருங்க. செத்துப்போன பொண்ணைத் திரும்பக் கூப்பிட அவர் பொன்னையும் மணியையும் காட்டல. நம்ம ஊர்ல இன்னைக்கு இது, அடுத்த மாசம் அது, நீ இல்லாம எப்படின்னு கேட்டாரு. ஊர் நினைப்பை வச்சு உயிரைக் கூப்பிட்டாரு. வெளியூர்ல வேலை பார்க்கற பிள்ளையை "பொங்கலுக்கு வந்துடுப்பா"ன்னு நாம போன்ல கூப்பிடறோமே, அதுவும் இதேதான்.

இந்தப் பட்டியல்ல பல நாள் இன்னைக்கும் மயிலாப்பூர்ல நடக்குது. தைப்பூசத்துக்குக் குளத்துல தெப்பம் உண்டு. மாசி மகத்துக்கு சாமி கடற்கரைக்குப் போகுது. பங்குனி விழா பத்து நாள். மூணாம் நாள் காலையில அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர். எட்டாம் நாள் காலையில குளக்கரையில பூம்பாவை உயிர்த்தெழற நிகழ்ச்சி, அன்னைக்கு மத்தியானம்தான் அறுபத்து மூவர். கபாலீசுவரர் மட்டும் வரல. சுத்துவட்டார சாமிகளும், கோலவிழி அம்மன், முண்டகக்கண்ணி அம்மன் எல்லாம், கூட வராங்க. எங்க பக்கம் மாசி மகத்துக்குப் பல ஊர் சாமி ஒரே ஆத்தங்கரையில கூடுமே, அந்த மாதிரி.

இத்தனைக்கும் கோயில் இருந்த இடமே மாறிப்போச்சு. பழைய கோயில் கடலோரத்துல இருந்துச்சு, போர்த்துக்கீசியர் காலத்துல அது அழிஞ்சுது, இப்ப இருக்கற கோயில் அப்புறம் கட்டினதுன்னு சொல்றாங்க. கல்லு போயிடுச்சு, நாள் போகல. ஏன்னா நாள் ஜனங்க மனசுல இருக்கு.

மனசுல மட்டும் இருந்தா போதுமா? ஒவ்வொரு வருஷமும் யாராவது சொல்லணும், யாராவது செய்யணும். அந்த நாலு மாட வீதியில நடந்து பார்த்தா அது எப்படி நடக்குதுன்னு தெரியும். தெற்கு மாட வீதியில காய்கறி. வடக்கு மாட வீதியில நவராத்திரி வந்தா கொலு பொம்மை. விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரும் காகிதக் குடையும், கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும். நாள்காட்டியைப் பார்க்கவே வேணாம், என்ன விக்கறாங்கன்னு பார்த்தாலே என்ன மாசம்னு தெரிஞ்சிடும். அறுபத்து மூவர் அன்னைக்குத் தெருவுக்குத் தெரு நீர்மோர், பானகம், சாப்பாட்டுப் பொட்டலம். கொடுக்கறவங்க யாரையும் யாருன்னு கேக்கறதில்ல. வாங்கிக் குடிச்சுட்டு நடக்க வேண்டியதுதான்.

ஊர்ச் சேதி சொல்றதுக்கும் அங்க ஏற்பாடு இருக்கு. 'மயிலாப்பூர் டைம்ஸ்'னு ஒரு வாரப் பத்திரிகை, 1994ல ஆரம்பிச்சது, வீட்டுக்கு இலவசமா வரும். வின்சென்ட் டிசோசாங்கறவர் ஆசிரியர். அதுல டெல்லி, அமெரிக்காவெல்லாம் கிடையாது. எந்தத் தெருவுல குழி தோண்டிப் போட்டிருக்கான், எந்தக் கோயில்ல என்ன உற்சவம், எந்த சர்ச்சுல என்ன திருவிழா, எந்தப் பள்ளிக்கூடத்துல யார் ஜெயிச்சா, அவ்வளவுதான். ஜனவரியில வடக்கு மாட வீதியையே அடைச்சு நடுரோட்டுல கோலப்போட்டி வைக்கறாங்களே, அந்த மயிலாப்பூர் திருவிழாவுக்குப் பின்னாலயும் அவர் இருக்காரு. ஆகஸ்ட் 22 சென்னை தினம்னு 2004ல இருந்து கொண்டாடறாங்களே, அதை ஆரம்பிச்சவங்கள்ல எஸ். முத்தையாவோட இவரும் ஒருத்தர். எங்க ஊர்ல தண்டோரா போடற ஆள் செய்ற வேலையைத்தான் இவங்க காகிதத்துல செய்றாங்க.

ஒரு சாமிக்கு மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. லஸ் சர்ச்சுக்குக் காட்டுக் கோயில்னு ஒரு பேர். ஒரு காலத்துல சுத்திலும் காடு. இப்ப சுத்திலும் பஸ்ஸு. ஆனாலும் ஆகஸ்ட் 15ல அங்க மாதா திருநாள் உண்டு. அடையாறு தாண்டி பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில்ல ஆகஸ்ட் 29ல கொடியேத்தி செப்டம்பர் 8 வரைக்கும் விழா. காவித்துணி கட்டிக்கிட்டு வெறுங்காலோட நடந்து போற கூட்டத்தைப் பார்த்தா அதுவும் நம்ம ஊர்த் திருவிழாதான்.

இப்ப ஏரிக் கதைக்கு வரேன்.

அறுபத்து மூவர் முடிஞ்ச ராத்திரி பொண்ணு வீட்டு மாடியில நின்னுட்டிருந்தேன். சுத்தி விளக்கு. "இந்த இடம் ஏரியா இருந்துச்சாமே, உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். "ஏரின்னா எந்த ஏரியாப்பா?"ன்னு கேக்கறா. அவளுக்கு ஏரின்னாலே 'ஏரியா'தான் ஞாபகம் வருது. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு.

மவுண்ட் ரோடுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்துல ஆரம்பிச்சு மாம்பலம் வழியா சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் நீளமா ஏரி. இங்கிலீஷ்காரங்க 'லாங் டாங்க்'னு சொன்னாங்க, மயிலாப்பூர் ஏரின்னும் பேர். கீழே வயக்காடு. 1920கள்ல நீதிக்கட்சி ஆட்சியில, பட்டணம் பெருகுது, வீடு வேணும்னு அந்த ஏரியை வடிச்சு, மாம்பலத்துல மனை பிரிச்சாங்க. 1925ல காலமான பிட்டி தியாகராய செட்டியார் பேர்ல தியாகராய நகர் வந்துச்சு. முதலமைச்சரா இருந்த பனகல் ராஜா பேர்ல நடுவுல பூங்கா. ஏரியோட அடையாளம் இப்ப பேர்ல மட்டும் இருக்கு. நுங்கம்பாக்கத்துல லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு. நுங்கம்பாக்கம் பக்கத்து ஏரி இருந்த இடத்துலதான் 1976ல வள்ளுவர் கோட்டம் வந்துச்சு. திருவாரூர்த் தேர் மாதிரி கல்லுத்தேர். ஏரிக்குள்ள ஒரு தேர் நிக்குது, ஓடத்தான் முடியாது.

நான் அவங்களைக் குத்தம் சொல்ல வரல. ஜனங்களுக்கு வீடு வேணும்தான். என் பொண்ணே அங்கதான் குடியிருக்கா. ஆனா தண்ணி தன் இடத்தை மறக்கறதில்ல. 2021 நவம்பர் மழையில தி.நகர் தெருவெல்லாம் தண்ணி நின்னுச்சே, அன்னைக்கு டிவியில பார்த்துட்டு எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் சொன்னாரு, "அது வெள்ளம் இல்லடா, ஏரி வந்து எட்டிப் பாத்துட்டுப் போவுது"ன்னு.

கேள்வி என்னன்னா, அதே மயிலாப்பூர்ல திருவிழா நின்னுது, ஏரி ஏன் நிக்கல? எனக்குத் தோணறது இதுதான். திருவிழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் பொறுப்பான ஆள் இருந்தாங்க. சாமி தூக்கறவர், உபயம் செய்றவர், நாள் சொல்றவர், கடை போடறவர். ஏரிக்கு அந்த ஆள் யாரு? பாசனக்காரன். கீழே வயல் மனையா மாறினப்ப பாசனக்காரன் இல்லாம போனான். ஆள் இல்லாத ஏரி வெறும் காலி இடம். காலி இடத்தை யாரும் சும்மா விடமாட்டாங்க.

இது எங்க உத்திரமேரூர்க்காரங்களுக்குத் தெரியாத சங்கதியா? குடவோலைக் கல்வெட்டுன்னு எல்லாரும் தேர்தலைப் பத்திதான் பேசறாங்க. முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919லயும் 921லயும் வெட்டினது. அதுல ஏரி வாரியம்னு தனியா ஒண்ணு இருக்கு. ஏரியைப் பார்த்துக்கறதுக்குன்னே வருஷா வருஷம் ஆள் எடுத்திருக்காங்க. ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி.

இப்ப எங்க ஊர் நிலைமை. ஏரிக்கரையில எல்லையம்மன் இருக்கா. ஆடி மாசம் கூழ் ஊத்துவோம். அன்னைக்கு அம்மன் கரகம் கரை முழுக்க நடந்து வரணும். அதனால பத்து நாள் முன்னாடியே வாலிபப் பசங்க கரையில இருக்கற சீமைக்கருவேலத்தை வெட்டி வழி போடுவாங்க. பெரியவங்க கூடவே நடந்து எங்க எலி வளை, எங்க கரை சரிஞ்சிருக்குன்னு பார்ப்பாங்க. யாரும் அதை ஏரி வேலைன்னு சொல்றதில்ல, சாமி வேலைன்னுதான் சொல்வோம்.

யார் வீட்டுல இருந்து முதல் கரகம்னு ஒரு தகராறு. மூணு வருஷம் திருவிழா நின்னுபோச்சு. நானும் ஒரு பக்கம் நின்னு பேசினவன்தான், மறைக்க விரும்பல. மூணு வருஷம் கரையில யாரும் நடக்கல. முள்ளு மூடிப்போச்சு. போன ஐப்பசி மழையில மதகு ஓரமா தண்ணி கசிஞ்சு, பார்த்து மண்மூட்டை போடறதுக்குள்ள பாதித் தண்ணி ஓடிப்போச்சு. என் ஒண்ணரை ஏக்கர்ல கதிர் பிடிக்கிற நேரத்துல தண்ணி இல்ல. பாதிக்குப் பாதி பதர். கீழ்ப்பக்கம் ரெண்டு பேர் வெறுத்துப்போய் மனைக்குப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. மாம்பலத்துக் கதை எங்க ஊர்ல ஆரம்பிக்கறது எனக்குக் கண்ணுல தெரியுது.

ஊருக்குத் திரும்பினதும் ஒரு வேலை செஞ்சேன். டீக்கடை ஓரமா ஒரு பழைய கரும்பலகை வாங்கி மாட்டினேன். தினமும் காலையில பால் ஊத்திட்டு வரும்போது ஊர்ச் சேதி எழுதறேன். யார் வீட்டுல காதுகுத்து, எந்த டிரான்ஸ்ஃபார்மர் போச்சு, ரேஷன்ல என்ன போடறான், ஏரியில எவ்வளவு தண்ணி. முதல் வாரம் சிரிச்சாங்க. இப்ப நான் எழுத லேட்டானா "என்னண்ணா, இன்னைக்கு சேதி இல்லையா?"ன்னு கேக்கறாங்க.

போன வாரம் அதுல எழுதினேன்: 'ஆடி மூணாம் ஞாயிறு எல்லையம்மனுக்குக் கூழ். அதுக்கு முந்தின ஞாயிறு கரையில முள்ளு வெட்டு. மம்பட்டி, அரிவாள் கொண்டு வரவும். முதல் கரகம் யாருன்னு சீட்டுக் குலுக்கி எடுப்போம்.' குடவோலை எழுதின ஊர்க்காரங்க, இதுக்குக் கூடவா சண்டை போடணும்?

எதிர்ப்பக்கத்துப் பங்காளி ஒருத்தர் பலகையை ரொம்ப நேரம் படிச்சுட்டு நின்னாரு. ஒண்ணும் பேசல. போகும்போது மட்டும், "மம்பட்டி என்கிட்ட ரெண்டு இருக்கு"ன்னாரு.

நைனா இருந்திருந்தா அவரையும் காட்டி "நம்மாளுடா"ன்னு சொல்லியிருப்பாரு.

முள்ளு வெட்டுக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு அடுத்த பதிவுல எழுதறேன். பட்டணத்துல இருக்கற நம்ம ஊர்ப் பிள்ளைங்களும் வரலாம். கூழுக்குக் கேழ்வரகு நம்ம வீட்டுதுதான்.