சித்திரக்காரர் குடியிருந்த வீடு

லண்டன் நகரில், கென்ஸிங்டன் பகுதியில், ஸ்டாஃபோர்ட் டெரஸ் என்று ஒரு தெரு. சுவரோடு சுவர் ஒட்டிய, ஒடுங்கி உயர்ந்த வீடுகள். 18-ஆம் நம்பர் வீட்டை வெளியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக்கும் அதற்கும் பேதம் தெரியாது. ராஜாக்கள் யாரும் அங்கே பிறக்கவில்லை. உடன்படிக்கை எதுவும் கையெழுத்தாகவில்லை. பத்திரிகைச் சித்திரக்காரர் ஒருவர் குடித்தனம் நடத்தினார், அவ்வளவுதான்.

எட்வர்ட் லின்லி ஸாம்போர்ன் என்பது அவர் பெயர். ‘பஞ்ச்’ பத்திரிகையில் கேலிச்சித்திரம் போட்டவர். ஒரு கால் கெய்ரோவிலும் மறு கால் கேப் டவுனிலுமாக, ஆப்பிரிக்காவை அளந்து நிற்கும் ஸெஸில் ரோட்ஸின் படத்தைச் சரித்திரப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். 1892-ல் அவர் போட்டது அது. 1874-ல் மரியன் என்ற பெண்ணை மணந்து, மறு வருஷமே இந்த வீட்டுக்குக் குடிவந்தார். பெரிய பணக்காரர் அல்ல. ஆசைகள் மட்டும் பிரபுக்களின் ஆசைகள். நீலப் பீங்கான், வண்ணக் கண்ணாடி ஜன்னல், கடிகாரங்கள் என்று வாங்கி அடைத்தார். சுவர் தெரியாமல் படங்களை மாட்டினார்.

போதாக்குறைக்குப் புகைப்படப் பைத்தியமும் பிடித்தது. சித்திரத்தில் ஒருவன் வாள் வீசுவதாக இருந்தால், வண்டிக்காரரையோ வேலைக்காரியையோ, யாரும் அகப்படாவிட்டால் தம்மையேயோ அந்தக் கோலத்தில் நிறுத்திப் படம் பிடித்துக்கொள்வார். படங்களைக் கழுவியது குளிக்கும் தொட்டியில்! அந்த அம்மாள் எப்படித்தான் பொறுத்துக்கொண்டாரோ!

ஸாம்போர்ன் 1910-லும் மரியன் 1914-லும் காலமானார்கள். இனிமேல்தான் விசேஷம். அப்பா சேர்த்த சாமான் பிள்ளைக்குக் குப்பை, பேரனுக்குப் பொக்கிஷம் என்பது ஊர் உலக வழக்கம். அந்த நடுத் தலைமுறையைத் தாண்டுவதுதான் எந்த வீட்டுக்கும் கண்டம். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு, விக்டோரியா காலத்துச் சாமான் என்றாலே இங்கிலாந்தில் முகம் சுளித்தார்கள். ஆனால் இந்த வீட்டில் இருந்த மகன் ராய் கலியாணமே செய்துகொள்ளவில்லை. புது மருமகள் வந்து நாற்காலிகளை மாற்றிப் போட வழியில்லை. 1946-ல் அவர் இறக்கும்வரை வீடு ஏறக்குறைய அப்படியே இருந்தது. பிறகு சகோதரி மாட். அவருக்குப் பின் அவர் மகள் ஆன்.

ராஸ் பிரபுவின் மனைவியான இந்த ஆன், தாத்தாவின் வீட்டை நேசித்ததோடு நிற்கவில்லை. 1957 நவம்பரில் கவிஞர் ஜான் பெட்ஜமன், கட்டடக் கலை அறிஞர் நிகலாஸ் பெவ்ஸ்னர் முதலியோரை அங்கே கூட்டினார். மறு வருஷம் விக்டோரியன் ஸொஸைட்டி பிறந்தது. முதல் பெரிய சண்டையில் தோல்விதான்: 1837-ல் எழுந்த யூஸ்டன் ரயில் நிலையத்தின் கல் தோரண வாயிலை 1961-62-ல் இடித்தே விட்டார்கள். ஆனால் அடுத்திருந்த ஸெயின்ட் பாங்க்ரஸ் நிலையம் 1967-ல் பாதுகாப்புப் பட்டியலில் முதல் தரத்தில் ஏறிப் பிழைத்தது.

ஸ்டாஃபோர்ட் டெரஸ் வீட்டை 1980-ல் லண்டன் பெருநகர சபை வாங்கியது. அந்தச் சபை 1986-ல் கலைந்தது. 1989-ல் கென்ஸிங்டன் நகராட்சி பொறுப்பேற்றது. இப்போது அது மியூஸியம். அங்கே ஒரு வேடிக்கை. பழைய வில்லியம் மாரிஸ் சுவர்க் காகிதத்தின் மேல் தோல் போன்ற விலையுயர்ந்த காகிதத்தை ஒட்டிய ஸாம்போர்ன், சிக்கனத்துக்காகக் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் மட்டும் ஒட்டினார். படங்களை இறக்கினால் பின்னால் பழைய மாரிஸ் காகிதம் அப்படியே இருக்கிறது.