உள்நாட்டுப் போரும் அறமும்

ஐக்கிய அமெரிக்காவில் 1861-ஆம் ஆண்டு மூண்ட உள்நாட்டுப் போர் நான்கு ஆண்டுகள் நீடித்து, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அப்போரைத் தொடங்கிய தென் மாநிலங்களுக்குச் சட்ட உரிமை இருந்ததா, அற உரிமை இருந்ததா என்னும் வினாக்கள் இரண்டையும் தனித்தனியே ஆராய்வதே முறையாகும்.

முதலாவது, சட்டம். 1787-இல் வரையப்பெற்ற அரசியலமைப்பு, மாநிலங்கள் பிரிந்து செல்லலாம் என்றும் கூறவில்லை. செல்லலாகாது என்றும் கூறவில்லை. விரும்பிச் சேர்ந்தவர் விரும்பியபோது விலகலாம் என்பது தென்னாட்டார் வாதம். தன் முடிவுக்குத் தானே விதி வகுத்துக்கொண்ட அரசு எதுவும் இல்லை என்பது ஆபிரகாம் லிங்கனின் மறுப்பு. அவருக்கு முன் அதிபராயிருந்த புக்கானனோ, பிரிவது சட்டத்துக்கு முரண். எனினும் பிரியும் மாநிலத்தைப் படைகொண்டு பணியவைக்க அதிகாரமில்லை என்று 1860 டிசம்பரில் கருத்துரைத்தார். புரட்சியாலோ ஏனைய மாநிலங்களின் இசைவாலோ அன்றிப் பிரிய இயலாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1869-இல்தான்; போர் முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்!

சட்டம் தெளிவாய் இராதபோது அறத்தை நோக்குதல் வேண்டும். மக்களின் உரிமையை அழிக்கும் அரசை மக்களே மாற்றலாம் என்பது 1776-ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனத்தின் கொள்கை. தென்னாட்டார் அதனையே துணைக்கழைத்தனர். ஆயின், அவர்க்கு இழைக்கப்பட்ட கொடுமை யாது? 1860 நவம்பரில் முறையான தேர்தலில் லிங்கன் வென்றார். 1861 மார்ச் 4-ஆம் நாள் அவர் பதவியேற்கு முன்னரே ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன. தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் திருப்பித் தருவதில்லை என்பது தென் கரோலினாவின் பிரகடனத்தில் தலையாய குறை. மாநில உரிமை பேசியவர்கள், பிற மாநிலங்கள் அவ்வுரிமையைக் கையாண்டதையே குற்றமாகச் சாட்டினர்! அங்கு அடிமைப்பட்டிருந்த ஏறத்தாழ 40 லட்சம் மக்களின் இசைவை எவரும் கேட்கவில்லை. ஏப்ரல் 12-ஆம் நாள் சம்டர் கோட்டைமீது முதற்குண்டு வீசியவர்களும் தென்னாட்டாரே.

வடக்கையும் நடுநிலையோடு எடைபோட வேண்டும். அடிமை முறையை ஒழிப்பது போரின் நோக்கமன்று என்று 1861 ஜூலையில் காங்கிரஸ் தீர்மானித்தது. 1863 ஜனவரி 1-ஆம் நாள் வெளியான விடுதலை ஆணைக்குப் பின்னரே அப்போருக்கு முழுமையான அறவலிமை வாய்த்தது.

கொடுமைக்கு ஆளானோர் கிளர்ந்தெழுவது உரிமை. கொடுமை செய்யும் வசதியைக் காக்கக் கிளர்வது உரிமையாகாது. அந்த 1776-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி எழும் உரிமை தெற்கில் எவருக்கேனும் இருந்ததெனின், அது அடிமைகளுக்கே இருந்தது. வகுப்பில் இப்போரைக் கற்பிக்கும் ஆசிரியர், ஆண்டுகளோடு இவ்வேறுபாட்டையும் மாணவர்க்கு உணர்த்துதல் நன்று.